தீபம் விழாத டேப்

செங்கம் ரோட்டில் காசியின் ஸ்டுடியோவுக்குத் தருமன் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் டேப்புகளும் பழைய கேமராவும் இருந்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதில் எங்கேயாவது செத்துப்போன தன் மனைவி சரசு முகம் காட்டியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். முதல் வருஷப் படையல் நெருங்கிவிட்டது. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அதில் அவள் திருடனை அடையாளம் காட்டப் போனவள் மாதிரி இருந்தாள்.

ரமணாசிரமம் பக்கம் தருமன் வேன் ஓட்டிய காலத்தில், ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போன கேமரா அது. அதன் பிறகு தருமனின் ஊரான அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ அவரிடமிருந்து தப்பியதில்லை.

காசி அந்தக் கேமராவையே கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்தான்.

"டேப் எவ்ளோ நேரமோ அவ்ளோ நேரம் ஓடித்தான் ஆவணும்ணா. பூஞ்ச வேற புடிச்சிருக்கு. ரெண்டாந் தடவ ஓடும்னு சொல்ல முடியாது."

"ஓடட்டும். எனக்கு ஊட்ல என்னா வேல?"

ஓடின. எல்லா டேப்பிலும் சரசு இருந்தாள், எதிலும் முகம் இல்லை. கேமரா திரும்பினால் முந்தானையை இழுத்துக்கொண்டாள், இல்லையென்றால் முறத்தால் மறைத்தாள். மகள் வினோதினியின் கல்யாணத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். பேச்சும் ஒரே பேச்சுதான்: "எட்டப் போ, வேற வேல இல்ல?" ஐயர் மந்திரம் சொல்லும் இடத்திலும் அதுதான் கேட்டது.

கடைசியில் பையின் அடியில் ஒரு டேப் மிஞ்சியது. தருமன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார்.

"அது என்னாண்ணா?"

"வேஸ்ட்டு. தீபம்."

ஒரு கார்த்திகைக்கு, தீபம் ஏறும் நொடியை விடக்கூடாது என்று மொட்டை மாடியில் நின்று மலையுச்சியையே பிடித்துக்கொண்டிருந்தார். சுடர் துளிர்த்த அதே நொடியில் ஊரே அரோகரா என்றது. இவரும் கேமராவைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். ஒற்றைக் கையால் கும்பிட்டுப் பழக்கமில்லை. அன்றே டிவியில் போட்டால், முக்கால் மணி நேரம் வெறும் மலை, அப்புறம் படம் சாய்ந்துவிட்டது. மச்சான் மணிவேல் சிரித்த சிரிப்பில் டிவியை அணைத்தவர், அந்த டேப்பை மறுபடி தொடவில்லை.

"குடுங்க, அதையும் போட்டுடுவோம்" என்றான் காசி.

மலை ஓடியது. டீ வந்தது, குடித்தார்கள், கிளாஸ் திரும்பிப் போனது, மலை அசையவில்லை. பிறகு அரோகரா. படம் ஆடிப்போய்ப் படுத்துக்கொண்டது. காசி அதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தினான்.

சரசு நின்றிருந்தாள். முழு முகம். விரதக் களைப்பு கண்ணில் தெரிந்தது, கைகள் கூப்பியிருந்தன. கேமரா நின்றுவிட்டது என்ற நினைப்பு அவளுக்கு. ஊர்க் கூச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் வாய்விட்டே வேண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாமலையாரே, எல்லாரும் பூவோட பொட்டோட போவணும்னு கேப்பாளுங்க. எனக்கு அது வாணாம். இந்தாள முன்னாடி கூப்டுக்கோ, நான் பின்னால வரேன். இவருக்கு வெந்நீ கூட வெக்கத் தெரியாது. தனியா உட்டா தவிச்சிப் பூடுவாரு."

காசிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தருமனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுகை வந்தது, அடக்கவில்லை. வருஷம் பூராவும் கடை இட்லியில் காலம் தள்ளிய மனுஷன். அவள் தன்னை அத்தனை சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள் என்பதும், கேட்டது கிடைக்காமலே போய்விட்டாள் என்பதும் ஒன்றாக வந்து நின்றன.

"அண்ணா" என்றான் காசி மெதுவாக. "படையலுக்கு சொந்தக்காரங்க எல்லாம் பாப்பாங்க. இப்டி வேண்டிக்கினாங்களேன்னு தப்பாப் பேசுவாங்க. அந்த எடத்த மட்டும் வெட்டிடட்டுமா?"

தருமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மலைய வெட்டிடு தம்பி" என்றார். "இத உடு."