புதையலுக்குப் போன ஆரஞ்சு ஜாக்கெட்

ஜோயல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பில் புதையலைப் பற்றி இரண்டே வரி. என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்பதைப் பற்றிப் பதினோரு வரி. வெளிர் நிறத்தில் பருத்தி உடை, உடம்போடு ஒட்டாமல் தளர்வாக, கை முழுக்க மறையும்படி. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, விரல் தெரியாத செருப்பு. பாக்கெட் நிறைய இருந்தால் மிகவும் நல்லது. கத்திரி வெயிலிலும் வைக்கோல் போர் போடுகிற ஊருக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்கும் துணிச்சல் அவனுக்குத்தான் வரும். தினமும் அனுப்பம்பட்டில் ரயிலேறிச் சென்னையில் ஏசி அறைக்குள் போய் உட்காருகிறவன், லீவு நாளில் எங்கள் இளைஞர் மன்றத்துக்குத் தலைவன்.

விளையாட்டு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் காட்டூரில் தொடங்கும். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். சைக்கிள் சரி, பைக் கூடாது. ஒளித்துவைத்த ஒரு சீட்டு அடுத்த சீட்டுக்கு வழி சொல்லும், கடைசியில் ஒரு டப்பா இருக்கும். டப்பாவை எடுக்கிறவர்களுக்கு ஏர் கூலர். என் வீட்டுக்காரர் தனசேகருக்குக் கூலர் மேல் கண். எனக்கோ அறிவிப்பின் கடைசி வரி மேல் கண். "புதையல் புங்கங்குப்பம் ஏரிக்கரையில் இருக்கிறது" என்று போட்டிருந்தான்.

புங்கங்குப்பம் நான் பிறந்த ஊர். என் நைனா மாணிக்கம் அங்கேதான் இருக்கிறார், தன் படகோடும் தன் கோபத்தோடும். அவர் என்னோடு பேசி இரண்டு வருடமாகிறது. துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று குப்பத்துக்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது முன்வரிசையில் இருந்தவர் அவர். அதே மாதம், மூன்று வருடமாக மழை மூழ்கடித்த வயலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன என் கணவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கெடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். "உன் மருமவன் அந்தப் பக்கம் பூட்டானாமே" என்று பந்தலிலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு என் போனை வைத்தவர்தான். அம்மா மட்டும் அவர் படகேறிய நேரம் பார்த்துப் பேசுவாள். எப்போதாவது அவர் சீக்கிரம் திரும்பிவிட்டால் பின்னால் அவர் இருமுவது கேட்கும். அந்த இருமலைக் கேட்டுவிட்டு நான் அழுததும் உண்டு, இந்த மனுஷனுக்கு எத்தனை வீம்பு என்று பாத்திரத்தைப் போட்டு உடைத்ததும் உண்டு.

அதனால் சனிக்கிழமை முழுக்க பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். நைனா கண்ணில் படப்போகிறேன். படும்போது எந்தச் சேலையில் பட வேண்டும்? கடைசியில் மாம்பழ நிறச் சுங்குடியை எடுத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தீபாவளிக்கு நைனாவே பொன்னேரிக்கு வந்து எடுத்துக் கொடுத்தது. அம்மாவுக்குக்கூட அவர் தானாக ஒரு சேலை எடுத்ததில்லை.

"சேத்துல எறங்கப்போற. இத்தப் போயா கட்டுவ?" என்றார் தனசேகர்.

"பருத்திதான? வெளிர் கலர்தான? ஜோயல் சொன்னதுல இன்னா தப்பு?"

அவருக்குக் காரணம் தெரியும்.

சேலை முடிவானதும் வெயிலைப் பற்றிய கவலை வந்தது. எங்கள் குப்பத்தில் ஏரியில் இறங்கி இறால் தடவும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். சிப்பி கிழிக்காமலிருக்கக் காலில் பழைய சாக்ஸ், தலையில் துண்டு. ஜோயலின் பதினோரு வரியும் இந்த மூன்று பொருளில் அடங்கிவிடும். கணவரின் ஒரே வெள்ளை முழுக்கைச் சட்டையை நான் எடுத்துக்கொண்டேன்.

"எஞ்சட்டைய நீ எடுத்துகினா நா இன்னாத்தப் போடுறது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நான்தான் காதில் வாங்கவில்லை. அவரே தேடி வேலையிடத்தில் பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்த டி-ஷர்ட்டை மாட்டினார். அதற்கு மேல் தினமும் துறைமுகத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற ஆரஞ்சு ஜாக்கெட். வலைத்துணி, அதனால் காற்று வரும். ஆறு பாக்கெட். குளுக்கோஸ் பொட்டலம், விசில், கத்தி, அளவு டேப் என்று ஆறையும் நிரப்பிவிட்டு, பரிசே வாங்கிவிட்டவர் போலக் கண்ணாடி முன்னால் நின்றார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு வருடமாக விடிந்தும் விடியாமலும் அந்த ஜாக்கெட்டுக்கு டீ போட்டுக் கொடுத்து, அந்த ஆரஞ்சு நிறமே என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. புத்தி முழுக்க என் சேலையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு ஜோடிகள் கிளம்பினோம். ஜீன்ஸ் பேண்ட்டில் வந்த இரண்டு பேர் பம்ப்செட் தாண்டுவதற்குள் தொட்டியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஹேமாவதி டீச்சரும் அவர் தங்கையும் ஆளுக்கொரு குடையோடு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நிதானமாக நடந்து வந்தார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டே சைக்கிளில் தாண்டிப் போனோம். முதல் சீட்டு பம்ப்செட் கதவில். இரண்டாவது பனந்தோப்பில். மூன்றாவது புங்கங்குப்பத்துக்கு வெளியே குடிநீர்க் குழாயில் கட்டியிருந்தது. "வலைக்கூடத்தின் வடக்கு மூலையிலிருந்து ஏரியைப் பார்த்துப் பதினைந்து மார்."

"மார்னா இன்னா?"

"ரெண்டு கையும் நீட்டுனா வர்ற அளவு. வலையெல்லாம் அப்பிடித்தான் அளப்பாங்க. ஆறடின்னு வெச்சிக்குங்க. நீங்க போய்கினு இருங்க, நா பாட்டில்ல தண்ணி புடிச்சினு வர்றேன்."

தண்ணீர் ஒரு சாக்கு. வலைக்கூடத்துக்கு எதிர்வீடுதான் எங்கள் வீடு. குழாயடியில் முகத்தைக் கழுவி, கொசுவத்தைச் சரிசெய்து, பார்த்தால் என்ன பேசுவது என்று மனசுக்குள் நாலு விதமாகப் பேசிப் பார்த்தேன். நாலும் சண்டையில் போய் முடிந்தன. அதற்குள் ஊருக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது.

ஓடினேன். வலைக்கூடத்துக்கு முன்னால் நாற்பது பேர் கூடியிருந்தார்கள், நடுவில் என் கணவர். அப்போதுதான் அவரை ஊர்க்காரர் கண்ணால் பார்த்தேன். ஆரஞ்சு ஜாக்கெட், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கை மூடிய துணி. ஒரு கையில் சீட்டு. இன்னொரு கையில் டேப், அதன் மறுமுனை வலைக்கூடத்து மூலையில். எங்கள் குப்பத்தில் அந்த உடுப்போடு வந்து ஒருவன் நிலத்தை அளந்தால் என்ன நினைப்பார்களோ, அதைத்தான் நினைத்திருந்தார்கள்.

"எவன்ட்டக் கேட்டு அளக்குற? எத்தினி அடி எட்த்துக்கப் போறீங்க?"

"இல்லீங்கண்ணே, இது விளையாட்டு. புதையல் தேடறோம்."

"எங்க மண்ணுல உனக்கு இன்னாடா புதையலு?"

ஊர்த் தலைவருக்கு ஜோயல் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தான். அவர் யாரிடமும் சொல்லாமல் கல்யாணத்துக்குச் சூளூர்பேட்டை போய்விட்டார். நான் கூட்டத்துக்குள் நுழைந்து, "விடுங்க, அவரு எங்கூட வந்தவரு" என்று கத்தினேன். அதுதான் தப்பாகிவிட்டது. துண்டும் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக இருந்த என்னையும் ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள். "மேடம் வேற வந்துகீறாங்க பாரு" என்றாள் ஒருத்தி. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த மாலதி அவள்.

யாரோ தனசேகரின் முகத்துணியை இழுத்தார்கள். முகம் தெரிந்ததும் சத்தம் ஒரு நொடி அடங்கி, முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

"டேய், இது மாணிக்கத்து மருமவன்டா! போர்ட்டுக்காரன்!"

"மாமியாரு ஊட்டையே அளக்க வந்துட்டான் பாரு."

"கூப்பிடு மாணிக்கத்த. அவரே சொல்லட்டும்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நைனா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் பாதி கோத்த வலை. இரண்டு வருடத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் தன் மருமகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தனசேகரின் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

இந்தக் கூட்டத்துக்கு எதிரில் 'எனக்கு இவன் யாருமில்லை' என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். ஊரறியச் சொன்ன சொல்லை நைனா திரும்ப எடுக்க மாட்டார். போனை வைத்ததுபோல இல்லை அது. நான் கண்ணாடியைக் கழற்றினேன், துண்டை உருவினேன், சட்டையைப் பொத்தான் தெறிக்க இழுத்துக் கழற்றிக் கீழே போட்டேன். மாம்பழ நிறச் சேலையோடு அவருக்கு எதிரில் போய் நின்றேன்.

நைனா சேலையைப் பார்த்தார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நெலத்த அளக்க வர்றவன் பொண்டாட்டிய இட்டுகினா வருவான்? எம் மருமவன்தான். வெயில்ல கிறுக்குப் புட்ச்சி வந்துகீறான். போங்க, போய் வேலையப் பாருங்க."

கூட்டம் உடனே கலையவில்லை. "இருந்தாலும் மாணிக்கம், அந்த ஜாக்கெட்டு..." என்று ஒருவர் இழுத்தார்.

"ஜாக்கெட்டத்தான கழட்டணும்? கழட்டிட்டாப் போச்சு." தனசேகரைப் பார்த்து, "கழட்டு" என்றார்.

அவர் கழற்றினார். கீழே இருந்த பாதுகாப்பு வார டி-ஷர்ட்டின் நெஞ்சில் கப்பலும் கிரேனுமாகப் படம். மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தயும் கழட்டு" என்றார் நைனா. முகம் மட்டும் மாறவில்லை. என் கணவர் நடுத்தெருவில் வெற்றுடம்போடு, பள்ளிக்கூடத்தில் ஊசி போட நிற்கிற பையன்போல நின்றார். நைனா உள்ளே போய்த் தன் கட்டம்போட்ட சட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். சட்டை தனசேகருக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே கலைந்தது.

கூலர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கலாட்டாவுக்குப் பின்னால் ஹேமாவதி டீச்சர் குடையை மடித்து வைத்துவிட்டு, ஒரு மீன்காரம்மாவைக் கையை நீட்டி நீட்டி அளக்கச் சொல்லி, கவிழ்த்துப்போட்ட படகுக்கடியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் நாலடி தள்ளி அளந்திருந்தாராம். சாதாரண நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் அவரைத் திட்டியிருப்பேன்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அழுத கையோடு இரண்டு சொம்பு மோர் கொடுத்தாள். நைனா எங்கள் பக்கமே திரும்பாமல் ஆரஞ்சு ஜாக்கெட்டை அம்மாவிடம் நீட்டினார். "வேர்வ நாத்தம். அலசிப் போடு."

அம்மா அலசிப் பிழிந்து கொல்லைப் பக்கம் கொண்டுபோனாள். நைனா அதை வாங்கி, வாசலுக்கு முன்னால் வலை உலர்த்தக் கட்டியிருந்த கயிற்றில், தன் லுங்கிக்குப் பக்கத்தில் தானே விரித்துப் போட்டார். தெருவில் போன ஒருவர் நின்று ஜாக்கெட்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். நைனா திருப்பிப் பார்த்தார். தெருவில் நின்றவர் போய்விட்டார்.

"மாமா, நாளைக்குக் காலைல ஆறு மணி ஷிப்ட்டு. அது இல்லாம கேட்டுக்குள்ள உட மாட்டாங்க" என்று தனசேகர் மெதுவாகச் சொன்னார்.

நைனா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"சாயங்காலம் காஞ்சிரும். வந்து வாங்கினு போவச் சொல்லு."

"யார?" என்று கேட்டேன், வேண்டுமென்றேதான்.

"உம் புருஷனத்தான்." புருஷன் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "நண்டு வாங்கி வெக்கிறேன். சாப்ட்டுப் போவச் சொல்லு." சற்று நேரம் வலையின் கண்ணியை நெருடிக்கொண்டிருந்தார். "நீயும் வா. இதே சேலையிலயே வா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சேலையை அலசிக் கொடியில் போட்டேன். அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. அந்தக் கத்திரி வெயிலை அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை.