ஐந்து மில்லிமீட்டர்

டாக்டர் செந்தமிழ்ச்செல்வியைச் சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாற்றிய உத்தரவில், காரணம் என்ற இடத்தில் 'நிர்வாக நலன்' என்று மட்டும் இருந்தது. அவள் அதை ஒரு முறை படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யாருடைய நலன் என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும்.

சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் யூராலஜி என்ற சிறுநீர்ப்பாதை அறுவைத் துறையில் அவள் பதினெட்டு வருடம் இருந்தவள். மேற்படிப்புக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு மூத்த பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, ஆம்பளைங்க உங்கிட்ட காட்டுவாங்களா?"

"பொம்பளைங்க இத்தனை வருசமா உங்ககிட்ட காட்டலியா சார்?" என்றாள் செல்வி.

ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர்தான் தீனதயாளன். பிறகு துறைத்தலைவர் ஆனார். அவள் கையைப் பிடித்துக் கத்தி வைக்கும் இடத்தைக் காட்டித் தந்ததும் அவர்தான், இந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்ததும் அவர்தான்.

தகராறு ஆணுறுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றியது. பெரும்பாலும் இல்லாதப்பட்டவர்களுக்கு வருகிற நோய். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வேட்டிக்குள்ளேயே ஒரு வருடம் இரண்டு வருடம் மூடி வைத்திருந்துவிட்டு, நாற்றம் தாங்காமல் போனபிறகுதான் வருவார்கள். புண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பது தீனதயாளனின் விதி. மிச்சம் போதாது என்று தெரிந்தால் மொத்தமாக எடுத்துவிட்டு, சிறுநீர் போவதற்குக் கீழே பின்பக்கமாக ஒரு வழி வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த மனிதன் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க முடியும். அவர் எழுதிய பாடப்புத்தகத்தில் அந்த விதி ஒரு அத்தியாயமாகவே இருந்தது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதினார்கள்.

செல்வி பழைய கோப்புகளைத் தோண்டினாள். பதினொரு வருடத்தில் தொண்ணூற்று நான்கு பேர். என்னதான் அளந்து வெட்டினாலும் கத்தி எல்லா நேரமும் அளவுப்படி போவதில்லை; சிலருக்கு ஐந்து மில்லிமீட்டர் நல்ல சதைதான் கிடைத்திருந்தது. அவர்களும் மற்றவர்கள் அளவுக்கே உயிரோடு இருந்தார்கள். வெளிநாடுகளில் இதை முன்பே எழுதத் தொடங்கியிருந்தார்கள். நம்மூர் ஆட்களை வைத்து அவள் எழுதினாள். கட்டுரையைத் தீனதயாளன் மேஜையில் வைத்தாள்.

"அப்ப நான் இத்தனை வருசமா தேவையில்லாம வெட்டினேன்னு எழுதியிருக்கே."

"அப்படி எழுதல சார். இனிமே வேணாம்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." கட்டுரையை அவள் பக்கம் தள்ளினார். பிறகு கோபம் தணிந்தவர்போல மெதுவாகச் சொன்னார்: "கூலிக்காரங்க, செல்வி. உயிர் பிழைச்சா போதாதா அவங்களுக்கு? மிச்ச மீதிய வெச்சுகிட்டு என்ன பண்ணப் போறாங்க?"

செல்வியின் அப்பா செல்லமுத்து திருக்கோவிலூர்ப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்.

"எங்கப்பாவும் கூலிக்காரர்தான் சார். அவர் உடம்புல இருந்த ஒவ்வொண்ணும் அவருக்கு வேண்டித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அந்த வாரமே கட்டுரையை வெளியே அனுப்பக் கூடாது என்று துறையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் மாற்றல் வந்தது.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் வியாழக்கிழமைதோறும் அவள் புறநோயாளிகளைப் பார்த்தாள். முதல் சில வாரம் ஆண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டரு எப்ப வருவாரு?" என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். அப்படித் திரும்பிப் போகப் பார்த்தவர்களில் ஒருவன்தான் சின்னதுரை. வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிற்றூர். முப்பத்தாறு வயது. கொஞ்சம் மரவள்ளி போட்டிருந்தான், மற்ற நாளில் கூலிக்குப் போவான். அவன் மனைவி ஆயம்மாள் அவன் தோள்துண்டைக் கெட்டியாகப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"எட்டு மாசமா துணிய சுத்திகினு இருக்குறாருங்க. கேட்டா வேர்க்குருப் புண்ணுன்னு சொல்றாரு. நேத்து துணிய அலசப் போனேன், அப்பதான் பாத்தேன்."

சின்னதுரை சுவரைப் பார்த்தபடி நின்றான். "ஆம்பள டாக்டரு இல்லீங்களா?"

"இருக்காங்க. ஆனா இந்த நோயப் பாக்குறவ இங்க நான் ஒருத்திதான்" என்றாள் செல்வி. "காட்டுனா வைத்தியம் பண்ணலாம். இப்படியே மலைக்குப் போனீங்கன்னா, அடுத்த வருசம் உங்க சம்சாரம் மட்டும் கீழ எறங்குவாங்க, விதவைப் பென்சனுக்கு மனு குடுக்க. எது வோணும், சொல்லுங்க."

ஆயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னதுரை திரைக்குப் பின்னால் போனான்.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் உறுதியானது. மாவட்ட மருத்துவர்கள் மாதம் ஒரு முறை சென்னைக் குழுவோடு காணொளி அழைப்பில் பேசி முடிவெடுப்பது அப்போது வழக்கத்தில் இருந்தது. குழுவின் தலைவர் தீனதயாளன். படங்களைப் பார்த்தார்.

"மொத்தமா எடுக்கணும். இங்க அனுப்பு."

"அஞ்சு மில்லிமீட்டர் நல்ல சதையோட எடுத்தா நாலு சென்டிமீட்டர் மிஞ்சும் சார். நானே இங்க செய்யறேன்."

"குழு ஒத்துக்கலைன்னு நான் எழுதுவேன். பொறுப்பு உன்னோடது மட்டும்."

"எழுதுங்க சார். நானும் என் காரணத்த எழுதி வெச்சிருக்கேன்."

ஆனால் சின்னதுரையிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவனையும் ஆயம்மாளையும் உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள்.

"மொத்தமா எடுத்துட்டா, அந்த இடத்துல திரும்ப வர்ற பயம் கம்மி. சென்னையில பெரிய டாக்டருங்க அதான் சரின்றாங்க. நான் சொல்றாப்போல கொஞ்சம் மிச்சம் விட்டு எடுத்தா, அதே இடத்துல திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. வந்தா மறுபடியும் வெட்டி எடுத்துக்கலாம், அதனால உசுருக்கு ஆபத்து அதிகமாவாதுன்றது என் கணிப்பு. ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா நீங்க எறங்கி வந்து காட்டியே ஆவணும்."

சின்னதுரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நின்னுகினு ஒன்னுக்குப் போவ முடியுங்களா?"

"முடியும்."

"அப்ப அதையே பண்ணுங்க."

"உள்ள தொறந்து பாத்தா வேற மாதிரி இருக்கலாம். அப்ப மொத்தமா எடுக்க வேண்டிவரும். அதுக்கும் சேத்துக் கையெழுத்து வோணும்."

அவன் ஆயம்மாளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கையெழுத்துப் போட்டான்.

அறுவை சிகிச்சை அன்று நோய்க்குறியியல் மருத்துவர் இலக்கியா தன் நுண்ணோக்கியை அரங்குக்குப் பக்கத்து அறைக்கே தூக்கிவந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வெட்டிய விளிம்பைக் கண்ணாடித் தகட்டில் ஒத்தியெடுத்து, சாயம் போட்டு, அதில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்ல வேண்டும். செல்வி அளந்து கோடு போட்டு வெட்டினாள். தகடு போனது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

இலக்கியா கதவருகில் வந்து நின்றாள். "மேடம், ஒரு ஓரத்துல எனக்குச் சந்தேகமா இருக்கு."

தீனதயாளனின் சென்னை அறையும் தன் பக்கம் தள்ளப்பட்ட கட்டுரையும் செல்வியின் கண்முன் வந்து போயின. அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? மேஜைமேல் கிடப்பவனுடைய உடம்பில் தன் வீம்பைத் தீர்த்துக்கொண்டவளாக ஆகிவிடுவோமே என்று நினைத்தாள். அந்தப் பயம் இருப்பது நல்லதுதான் என்று அவளுக்குப் பட்டது. இன்னும் நிதானமாகக் கையை வைத்தாள்.

"எந்த ஓரம்னு காட்டு. அங்க இன்னும் மூணு மில்லிமீட்டர் எடுக்கறேன். அதுலயும் இருந்தா மொத்தமா எடுத்துடலாம்."

இரண்டாவது தகடு போனது. இந்த முறை இலக்கியா உள்ளேயிருந்தே கத்தினாள்: "இல்ல மேடம்! சுத்தமா இருக்கு!"

ஆறு வாரம் கழித்து, இந்த நோய் முதலில் பரவுகிற இடமான இரண்டு தொடை இடுக்கிலும் நெறிக்கட்டிகளை எடுத்தாள். வலதுபக்கம் ஒன்றில் மட்டும் நோய் இருந்தது. கூடுதல் மருந்து வேண்டாம், விடாமல் கவனித்தால் போதும் என்ற நிலை. சின்னதுரை மூன்றாம் மாதம் வந்தான். ஆறாம் மாதம் ஒரு பை சாமையோடு வந்தான். ஒன்பதாம் மாதம் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு காரை எடுத்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் பாதை மண்ணானது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். மரவள்ளிக் காட்டில் இருந்த சின்னதுரை அவர்களைக் கண்டதும் செடிகளுக்குள் குனிந்துகொண்டான்.

"தெரியுது, வெளிய வாங்க!" என்று செல்வி சத்தம் போட்டாள். "ஏன் வரல?"

அவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஆயம்மாள்தான் பதில் சொன்னாள். "மிளகு கணக்கா ஒண்ணு தட்டுப்படுதுங்க, அந்த எடத்துலயே. ஒரு மாசமாச்சு. வாய்யான்னா வர மாட்றாரு."

"ஏன்?"

"நீங்க மெட்ராசு டாக்டருங்கள எதுத்துக்கினு பண்ணீங்கன்னு ஆஸ்பத்திரியில பேசிக்கினாங்க" என்றான் சின்னதுரை. "இப்ப திரும்ப வந்துடுச்சின்னு தெரிஞ்சா உங்க பேரு கெட்டுப்பூடுமேன்னு..."

செல்வி கோபத்தில் போட்ட சத்தம் மலைக்கே கேட்டது. "என் பேருக்கு இன்னாய்யா? கெட்டா கெட்டுப்போவட்டும்! என் பேரக் காப்பாத்தறதுக்கா உன்ன ஆப்பரேசன் பண்ணேன்? வூட்டுக்குப் போய்ச் சட்டைய மாத்திகினு வா. வண்டியில ஏறு."

அதுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. அவன் மறுபேச்சில்லாமல் ஏறினான்.

நோய் திரும்பத்தான் வந்திருந்தது. மறுபடியும் வெட்டினாள், மறுபடியும் இலக்கியா தகடு பார்த்தாள். விளிம்பு சுத்தம். நீளம் குறைந்தது, ஆனால் அவன் கேட்டது நிலைத்தது. அன்று மாலையே செல்வி தன் பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: முதல் நோயாளி, ஒன்பதாம் மாதம், அதே இடத்தில் மீண்டும் நோய். சென்னைக்கும் ஒரு படி அனுப்பினாள். பதில் வரவில்லை.

நான்கு வருடத்தில் அவளிடம் இருபத்தேழு ஆண்கள் சேர்ந்தார்கள். சங்கராபுரம், தியாகதுருகம், கருணாபுரம், மலைமேல் ஊர்கள். பாதிப்பேர் சின்னதுரை சொல்லி வந்தவர்கள். அவன் வெட்கத்தைத் தொலைத்திருந்தான், டீக்கடையில் உட்கார்ந்து, "எங்கிட்ட இருந்துச்சு, வெட்டி எடுத்துக்கினேன், உனக்கு இன்னா?" என்று கேட்கிற ஆளாகிவிட்டான்.

திருச்சியில் நடந்த மருத்துவ மாநாட்டில் செல்விக்கு எட்டு நிமிடம் கொடுத்தார்கள். அமர்வுத் தலைவர் தீனதயாளன். ஓய்வு பெற்றிருந்தார், முடி முழுக்க நரைத்திருந்தது. செல்வி முதல் படமாகவே சின்னதுரையின் பழைய நோயைத் திரையில் போட்டாள். "இது என் முதல் நோயாளி. இவருக்குத் திரும்ப வந்தது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள். இருபத்தேழு பேரில் மூன்று பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மூவருக்கும் மறுபடி வெட்டினாள், மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் நெறிக்கட்டியில் பரவிய நோயால். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

தீனதயாளன் ஒலிவாங்கியைத் தன்பக்கம் திருப்பினார்.

"உங்க முதல் கேஸ். அன்னிக்கு நான் சொன்ன மாதிரி மொத்தமா எடுத்திருந்தா, அந்த இடத்துல திரும்ப வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார்."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அதை அவர்கிட்டயே முதல்ல சொன்னேன் சார். ரெண்டு வழியையும் சொன்னேன். அவர் தேர்ந்தெடுத்தார், நான் செஞ்சேன். நம்ம துறையோட தொண்ணூத்து நாலு கோப்பையும் நான் ஒவ்வொரு பக்கமா படிச்சேன். அதுல எத்தனையோ கோப்புல என் கையெழுத்தும் இருக்கு. உங்களுக்கு எது வேணும்னு நோயாளியைக் கேட்டதா ஒண்ணுல கூட எழுதல."

தீனதயாளன் மணியைத் தட்டினார். "நேரம் முடிஞ்சது. அடுத்தவர்."

வெளியே வராந்தாவில் தேநீருக்கு நின்ற இடத்தில் அவரே அவளிடம் வந்தார்.

"புத்தகம் புதுப் பதிப்பு வருது. அந்த அத்தியாயத்த மாத்தித் தாங்கன்னு கேக்கறாங்க. நான் மாத்த மாட்டேன், செல்வி."

"மாத்த வேணாம் சார். நான் வேற புத்தகம் எழுதறேன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். போகும்போது, "அந்த ஒத்தியெடுக்கற முறை... யார் பார்த்தது?" என்று கேட்டார். அவள் இலக்கியாவின் பெயரைச் சொன்னாள். தலையாட்டிவிட்டுப் போனார்.

செல்வி சாயங்கால விருந்துக்கு நிற்கவில்லை. சென்னைப் பேருந்தில் ஏறி உளுந்தூர்பேட்டையில் இறங்கி, கள்ளக்குறிச்சி வண்டி பிடித்தாள். மறுநாள் திங்கட்கிழமை. அறுவைப் பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரிடமும் காலையில் இன்னொரு முறை உட்கார்ந்து பேசிவிட்டு, அவள் கை கழுவப் போனாள்.