மீசையோட வயிறு

கட்டடம் கட்டடமா கயித்துல தொங்கிக் கண்ணாடி துடைக்கிறது அவன் வேலை. கண்ணாடியில ஒரு விரல் தடம் பட்டிருந்தாப் போதும், மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. டீ குடிக்கப் போன இடத்துல கூட ஜன்னலைக் கைக்குட்டையால ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் உக்காருவான். என் மூஞ்சியில கரி ஒட்டியிருந்தா உங்களுக்குத் தெரியாது, ஜன்னல்ல ஈ உக்காந்தா மட்டும் தெரியும்னு பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா.

அவ நர்ஸு. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுக் கிளம்பினப்ப, ஹால்ல இருந்த மீன் தொட்டியை அவன் தலையில கட்டிட்டுப் போனா. ஆசை ஆசையா வளர்த்த தொட்டி. ஒவ்வொரு செடியையும் இடுக்கியால பிடிச்சு மணல்ல நட்டது அவதான். அதுல குடியிருக்கிறது கெளுத்தி ஜாதியில ஒரே ஒரு மீன். மூக்கு மேல முள்ளு முள்ளா முளைச்சிருக்கிறதால பேரு மீசை. வாயைக் கண்ணாடியில ஒட்ட வச்சுக்கிட்டுப் பாசியை வழிச்சுத் தின்னும். கண்ணாடியை மீசையே பாத்துக்குவான், உங்களுக்கு வேலையே இல்லன்னு சொல்லிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினா.

வேலை இல்லன்னா கை சும்மா இருக்குமா? தினமும் வீட்டுக்கு வந்ததும், அவ போன் வர்றதுக்குள்ள, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டு, உள்பக்கம் படிஞ்ச பச்சையெல்லாம் வழிச்சு எடுத்துடுவான். ஷிப்ட்டுக்குக் கிளம்புற அவசரத்துல பேசுறவ, இருக்கிற கொஞ்ச நேரமாவது தொட்டியைப் பளிச்சுனு பாக்கட்டுமேன்னு ஒரு நெனப்பு. வீடியோவுல அவன் மூஞ்சி ஒரு மின்னு மின்னும், அவ்வளவுதான். உடனே போன் தொட்டிப் பக்கம் திரும்பிடும். அவ கண்ணைப் பாத்துப் பேசினா குரல் உடைஞ்சிடும்னு பயம். செடியைப் பத்திப் பேசினா அந்தத் தொல்லை இல்ல.

சாப்பிட்டாச்சான்னு கேப்பா. ஆச்சும்பான். ஒத்தை ஆளுக்கு எதுக்கு அடுப்புன்னு பாதி நாள் பிரெட்டும் டீயுமா ஓடுறது அவளுக்கு எங்க தெரியப்போகுது.

அவ வர்ற தேதி ரெண்டாவது தடவையும் தள்ளிப்போன அன்னைக்கு, போன்ல ரெண்டு பேரும் தொட்டியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. மீசை மெதுவா வந்து முன்பக்கக் கண்ணாடியில ஒட்டுச்சு.

"அப்படியே பிடிங்க, அசைக்காதீங்க," ன்னா அவ. குரல் வார்டுல பேசுற குரலா மாறிடுச்சு. "வயிறு ஏன் இப்படிக் குழிஞ்சு கெடக்கு?"

குனிஞ்சு பாத்தான். ஸ்பூனைக் குப்புறக் கவுத்தாம நிமித்தி வச்ச மாதிரி பள்ளம். இத்தனை நாளும் கண்ணாடியைத்தான் பாத்திருக்கான், அதுல ஒட்டியிருந்த உயிரைப் பாக்கல.

தினமும் தானே துடைக்கிற விஷயத்தை அப்பத்தான் சொன்னான்.

"மீசையோட தட்டைச் சோத்தோட சேத்துக் கழுவி வச்சிருக்கீங்க."

திட்டல. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு அவனுக்கு.

வெள்ளரிக்காயை வட்டமா நறுக்கி, வெந்நீர்ல ஒரு கொதி விட்டு, ஆறினதும் மிதக்காம இருக்க முள்கரண்டியில குத்திப் போடச் சொன்னா. மிஞ்சினதைக் காலையில எடுத்துடணும், இல்லேன்னா தண்ணி கெட்டுடும். எல்லாத்துக்கும் மேல, உள்பக்கக் கண்ணாடியில கை வைக்கவே கூடாது.

முதல் நாள் மீசை அந்தப் பக்கம் திரும்பல. மறுநாளும் அப்படித்தான். கயித்துல தொங்கிக்கிட்டு இருக்கிறப்பவும் அவனுக்கு அதே நெனப்பு. அவ கையால வீட்டுல விட்டுட்டுப் போன உயிர் அது ஒண்ணுதான். அதுவும் போயிட்டா அந்த ஹாலுக்குள்ள எப்படி நுழையிறது?

அப்புறம் ஒரு நாள் வந்து பாத்தா, முள்கரண்டியில வெறும் தோல் வளையம் மட்டும் தொங்குது. தனியா நின்னு சிரிச்சான்.

கண்ணாடியில பச்சை ஏற ஏற அவனுக்குக் கை அரிச்சுது. தாங்க முடியாதப்ப வைப்பரைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிடுவான். வீட்டு ஜன்னலெல்லாம் அப்ப மின்னின மாதிரி எப்பவுமே மின்னினதில்ல.

இன்னொரு நாள் போன் வந்ததும் வழக்கம்போலத் தொட்டிப் பக்கம் திருப்பினான். ஒண்ணும் தெரியல, ஒரே பச்சை. இருங்க, வருவான்னா அவ. காத்திருந்தாங்க. மீசை வந்து ஒட்டி, மேயப் பொறப்பட்டுச்சு. வாய் போன வழியெல்லாம் கோடு கோடாத் தெளிஞ்சுது. அந்தக் கோட்டு வழியா வயிறு தெரிஞ்சுது, கொழுக்குன்னு.

"இவன் தேறிட்டான். இப்ப போனை உங்க பக்கம் திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்களேன்."

திருப்பினான். அவ உத்துப் பாத்தா. கன்னத்துல ரெண்டு பக்கமும் குழி, சட்டைக் கழுத்து தொளதொளன்னு கெடக்கு. இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா. ஆச்சுன்னு சொல்ல வாயெடுத்தான், வரல. ஃபிரிட்ஜ்ல என்ன இருக்குன்னு கேட்டா. மீசைக்கு நறுக்கினது போக மிச்ச வெள்ளரிக்காய் இருக்குன்னான். அவ சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"போய் உலை வைங்க. எனக்கு இன்னைக்கு லீவு. சோறு வேகுற வரைக்கும் இருக்கேன்."

போனை எண்ணெய் பாட்டில்ல சாய்ச்சு வச்சுட்டு அரிசி களைஞ்சான். பானை கொதிக்க ஆரம்பிச்சதும், சத்தம் கேக்குதான்னு கேட்டான்.

"கேக்குது. தள்ளி நிக்காதீங்க, மூஞ்சி தெரியல."

கிட்ட வந்து நின்னான்.