சிவப்பு விழுந்த கட்டுரை

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை டப்பா மீன் வாசனையும் ரொட்டி வாசனையுமாக இருந்தது. ஷலேஷ்னி டியோ இடது கையில் உருளைக்கிழங்கு ரொட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பின் ஆங்கிலக் கட்டுரைகள் வந்து குவிந்திருந்தன. "என்னால் மறக்க முடியாத நாள்" என்பது தலைப்பு. ஆண்டு இறுதி மதிப்பெண்ணோடு சேர்கிற கட்டுரை அது.

நான்கு வகுப்புகளுக்கு அவள் ஒருத்திதான் ஆங்கிலம். மாணவர்கள் செயலிகளிடம் கேட்டுக் கட்டுரை வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. போன மாதம் ஃபிஜியின் நாந்தி நகரில் நடந்த ஒரு பயிற்சியில் அதற்கும் மருந்து கொடுத்துவிட்டார்கள். கட்டுரையை ஒரு மென்பொருளுக்குள் போட்டால் போதும். பிள்ளை எழுதியதென்றால் பச்சை, இயந்திரம் எழுதியதென்றால் சிவப்பு. மொழிநடைக்கு ஒரு மதிப்பெண்ணையும் அதுவே போட்டுத் தரும். ரொட்டி தீர்வதற்குள் ஒரு வகுப்பே முடிந்துவிடும்.

அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சிவப்பு. லைசானி. தொண்ணூற்றொரு சதவீதம் இயந்திரம் என்றது திரை. ஷலேஷ்னி முதல் பத்தியை மட்டும் படித்துப் பார்த்தாள். வழவழவென்று ஓடுகிற ஆங்கிலம். ஆற்றுக்கு மேலே, மலையடிக் கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று நினைத்தாள். பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

வகுப்பில் அதை அவள் மறைக்கவில்லை. எல்லாருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று பெயரைச் சொல்லியே அறிவித்தாள்.

லைசானி எழுந்து நின்றாள். "நான்தான் மேடம் எழுதினேன்."

"அப்ப மென்பொருள் பொய் சொல்லுதா?"

"பொய்யின்னு சொல்லல மேடம். தப்பா சொல்லுது."

பின்வரிசையிலிருந்து அவிகேஷ் குரல் கொடுத்தான். "லைசானி, உன் ரோபோவுக்கு எங்க வீட்லயும் வேலை இருக்காம். கரும்பு வெட்டத் தெரியுமான்னு கேளு."

வகுப்பு சிரித்தது. லைசானி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன் மேடம். நீங்க அவர்கிட்ட பேசுங்க."

பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னால் கெஞ்சுவார்கள். இவள் தானே கூட்டிவருகிறேன் என்கிறாள். ஷலேஷ்னிக்கு அது திமிராகத்தான் பட்டது.

மறுநாள் காலை லைசானியின் அப்பா எரோனி வந்தார். சந்தைக்கு வரும் காய்கறி லாரியிலேயே வந்து இறங்கியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் சாம்பல் நிற சுலு வேட்டி, தலையில் இன்னும் ஈரம். தலைமை ஆசிரியர் கலியோவாவின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். லைசானி பக்கத்தில் நின்றாள்.

ஷலேஷ்னி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "இதப் பாருங்க. தொண்ணூத்தொண்ணு. நானா சொல்லல, இது சொல்லுது."

எரோனி அந்தச் சிவப்பு எண்ணைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு கேட்டார். "குதிரையப் பத்தி எழுதினது எப்படி இருந்துச்சு மேடம்?"

"எந்தக் குதிரை?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே விளங்கியது. கலியோவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க குதிரை மேடம்," என்றார் எரோனி, குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல். "வெள்ளம் வந்த அன்னிக்கு. கட்டுரை முழுக்க அதானே?"

ஷலேஷ்னி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கலியோவா மெதுவாகச் சொன்னார். "வாசிங்க மேடம். நானும் கேக்கறேன்."

அவள் வாசித்தாள். ஆறு கரையேறிய காலையில் ஊர் முழுவதும் மேட்டிலிருந்த தேவாலயத்துக்குள் ஒதுங்கியது. குதிரை கடைசிப் படி வரை ஏறி வந்துவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. லைசானியின் அம்மா வாசலில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீடு போவதை, சேப்பங்கிழங்குத் தோட்டம் போவதை எல்லாரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் குதிரையின் காதுக்குள் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு வந்தபோது ஷலேஷ்னியின் குரல் தணிந்தது. "அன்று முழுவதும் அம்மா குதிரையோடுதான் பேசினாள். எங்களோடு பேசினால் அழுதுவிடுவாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது."

"இது மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கலியோவா, யாரையும் பார்க்காமல்.

"இங்கிலீஷ் மட்டும் இவ்வளவு நல்லா எப்படி வந்துச்சு?" ஷலேஷ்னி கேட்டது இப்போது விசாரணை இல்லை; அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எரோனி சிரித்துவிட்டார். "என் போன் சார்ஜக் காலி பண்றது இவதான் மேடம். ஆத்தோரமா நடந்துக்கிட்டே ஒரே வரிய அதுல பேசிப் பதிவு பண்ணுவா. திருப்பிப் போட்டுக் கேப்பா. 'இந்த எடத்துல மூச்சு வாங்குதுப்பா'ம்பா. மாத்தி மறுபடி பேசுவா. ஊர்ல இவளுக்குப் பைத்தியம்னே பேரு வச்சாச்சு."

"எனக்கு எழுதினாத் தப்பு தெரியாது மேடம்," என்றாள் லைசானி. "கேட்டாத் தெரியும். கேட்டுச் சரி பண்ணிட்டு, இங்க கம்ப்யூட்டர் ரூம்ல வந்து டைப் பண்ணுவேன்." பிறகு கேட்டாள். "மேடம், மெஷின வச்சு எழுதுறது தப்புன்னு சொன்னீங்க. சரிதான். ஆனா நீங்க மெஷின வச்சுப் படிச்சீங்க. அது மட்டும் எப்படிச் சரி?"

"லைசானி, யார்கிட்ட பேசறோம்னு பாத்துப் பேசு," என்றார் கலியோவா.

"விடுங்க சார்," என்றாள் ஷலேஷ்னி. "அவ கேட்டதுல தப்பு இல்ல."

முகம் சுட்டது. ஆனால் அதோடு கூட வேறு ஒன்றும் இருந்தது. இப்படி எழுதுகிற ஒரு பிள்ளை தன் வகுப்பில் இருக்கிறாள் என்ற சந்தோஷம். எத்தனை நாளாயிற்று ஒரு கட்டுரையை இப்படிக் கடைசி வரி வரை படித்து என்று நினைத்துக்கொண்டாள்.

பெயரைச் சொல்லி அவமானப்படுத்திய இடத்திலேயே மன்னிப்பும் கேட்பதென்று முடிவு செய்தாள். அன்றே வகுப்பில், லைசானியின் கட்டுரையை முழுவதுமாக வாசித்துக் காட்டினாள். "நான் இத முழுசாப் படிக்காமலே பூஜ்யம் போட்டேன். தப்பு என்னோடது. லைசானி, மன்னிச்சிடும்மா," என்றாள். ஆசிரியை மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

அவிகேஷ் நெளிந்தான். பிறகு எழுந்தான். "மேடம், எனக்குப் பச்சை வந்துச்சில்ல?"

"வந்துச்சு. பதினெட்டு மார்க்."

"அது நான் எழுதல. ஆப்தான். 'அங்கங்க தப்பு விட்டு எழுது, ஃபிஜிப் பையன் மாதிரி'ன்னு கேட்டேன். அழகா தப்பு விட்டுக் கொடுத்துச்சு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஷலேஷ்னிக்கும் அடக்க முடியவில்லை.

"அதை நீ முழுசாப் படிச்சியா?"

"மொத பத்தி மட்டும் மேடம்."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுதான். நானும் அவ்வளவுதான் படிச்சேன்."

அந்த வாரத்திலிருந்து ஆங்கில வகுப்பு இரைச்சலாகிவிட்டது. பள்ளியின் பழைய டேப்லெட்டுகளை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். தங்கள் கதையைப் பேசிப் பதிவு செய்தார்கள், போட்டுக் கேட்டார்கள், தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே வெட்கப்பட்டார்கள், திருத்தினார்கள். பிறகு ஆசிரியையும் பார்க்கும்படியான ஒரு பொதுப் பக்கத்தில் தட்டச்சு செய்தார்கள். வரிகள் முளைக்க முளைக்க ஷலேஷ்னி ஓரத்தில் கேள்வி எழுதினாள். "மழை பெய்தது என்கிறாயே, முதலில் என்ன நனைந்தது?" ஒருநாள் செயலியிடமே வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டு வாங்கிப் பெரிய திரையில் போட்டாள். அதற்குத் தெரியாமல் போனதையெல்லாம் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பாய்களில் வருகிற நாற்றம் அதற்குத் தெரியவில்லை. நனைந்த வேதப்புத்தகத்தைக் கொடியில் காயப்போட்டது தெரியவில்லை.

கலியோவா சத்தம் தாங்காமல் ஒருமுறை வந்து நின்றார். "இது கிளாஸா, சந்தையா மேடம்?"

"ரெண்டும்தான் சார். ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போங்க."

அவர் பீரியட் முடியும் வரை நின்றார்.

ஷலேஷ்னியின் வேலை குறையவில்லை, கூடித்தான் போயிற்று. ரொட்டி தீர்ந்த பிறகும் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிழைகளை மென்பொருளுக்கு விட்டுவிட்டாள். அதை அது நன்றாகவே செய்தது. மதிப்பெண்ணை மட்டும் அவளே போட்டாள்.

பருவ முடிவில் அவிகேஷ் தன் தாளைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தான். அப்பாவோடு நெடுஞ்சாலை ஓரம் தர்பூசணி விற்ற நாளைப் பற்றி எழுதியிருந்தான். முழுக்கப் பிழை; முழுக்க அவன்.

"என்ன மேடம் இது, அநியாயமா இருக்கு. ஆப் எழுதினப்ப பதினெட்டு. நானே கஷ்டப்பட்டு எழுதினா பன்னெண்டா?"

"அந்தப் பதினெட்டு யாருக்குப் போட்டதுன்னு எனக்கே தெரியாதுடா. இந்தப் பன்னெண்டு உனக்குப் போட்டது. இங்கேருந்து நீ பதிமூணுக்குப் போகலாம். அங்கேருந்து உன்னால எங்கயும் போக முடியாது."

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "தர்பூசணிய அப்பா தட்டிப் பாக்கிற இடம் நல்லா இருந்துச்சா மேடம்?"

"அதுக்குத்தான் ரெண்டு மார்க் கூடப் போட்டேன்," என்றாள் ஷலேஷ்னி. பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. போன், ஆப், கம்ப்யூட்டர், எது கெடைச்சாலும் கத்துக்கிறதுக்கு வச்சுக்கோங்க. நானும் வச்சுப்பேன். ஆனா ஒரு மனுஷன் சொல்ல வந்ததச் சொல்றதும், இன்னொரு மனுஷன் அதக் காது கொடுத்துக் கேக்கறதும் நம்ம வேலை. அத மட்டும் எந்த மெஷின்கிட்டயும் ஒப்படைக்கக் கூடாது. நீங்களும் கூடாது, நானும் கூடாது."