மோந்து பார்த்த புகை

என் சகலை வெற்றிவேல் பேட்டரி கார் வாங்கிய அன்று எனக்குக் காதில் புகை வந்தது. இதை மறைத்துப் பயனில்லை. புகைதான் என் பிழைப்பும். முடிச்சூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகப் புகை பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக மேற்குத் தாம்பரத்து வண்டிகளில் பாதிக்கு நான்தான் சர்டிபிகேட் கொடுக்கிறேன்.

எங்கள் மாமனார் தட்சிணாமூர்த்திக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் புஷ்பலதா எனக்கு, இளையவள் வினிதா வெற்றிவேலுக்கு. மாமனார் மாடம்பாக்கத்துப் பூர்வீகக்காரர். பயிர் வைத்த நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, ஆனால் தோரணை குறையவில்லை. அவர் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறாரோ அவருக்குத்தான் அந்த வீட்டில் மதிப்பு. பதினாறு வருஷமாக அது நான். ஆடி மாதம் வாலாஜாபாத் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போவோம். என் டீசல் கார் முன்னால் போகும், முன் சீட்டில் மாமனார் இருப்பார். வெற்றிவேல் தன் ஸ்கூல் வேன் ஒன்றில் பானை, விறகு, பெண்டாட்டி, பிள்ளை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவான். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெற்றிவேல் ஊரப்பாக்கத்தில் நான்கு வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறான். என்னை வாய் நிறைய அண்ணா என்பான். நல்லவன். அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கார் வந்த அன்று மாமனாரே கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார். நான்கு சக்கரத்துக்கும் தன் கையாலேயே எலுமிச்சம்பழம் வைத்தார். நான் கார் வாங்கியபோது கரண்ட் ஆபீசில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போன மனிதர் இவர். பூஜை முடிந்ததும் காரின் பின்பக்கம் போய்க் குனிந்து அடியில் கையை விட்டுத் தேடினார்.

"இன்னா மாப்ள, கொழாயே காணோம்?"

புகையே கிடையாது, அப்புறம் குழாய் எதற்கு மாமா என்றான் வெற்றிவேல். மாமனார் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவருக்கு இளைப்பு உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருபத்திரண்டு வருஷம் சிமெண்ட் கடை வைத்திருந்தவர், லாரிப் புகையைக் குடித்தே நெஞ்சு கெட்டுப்போனது. இந்தக் காரில் போனால் இருமலே வராது போலிருக்கிறது, இந்த ஆடிக்குச் சின்ன மாப்பிள்ளை வண்டியே முன்னால் போகட்டும், நானும் அதிலேயே வருகிறேன் என்று அறிவித்தார். எல்லோரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று புஷ்பலதா பிறகு சொன்னாள்.

வயிறு எரிந்தது. குழாய் இல்லாத காரை என் தொழிலைக் கேலி செய்யவே வாங்கியிருக்கிறான் என்றுகூடத் தோன்றியது. அந்த முன் சீட்டு போய்விட்டால் அடுத்த வருஷம் பானையும் விறகும் என் காரில்தான் ஏறும். அதை மட்டும் என்னால் சகிக்க முடியாது என்று தெரிந்தது.

ஆடிக்குப் பத்து நாள் இருக்கும்போது வெற்றிவேலின் டிரைவர் துலுக்காணம் பழைய வேனைப் புகை டெஸ்டுக்குக் கொண்டுவந்தான். இங்கே எங்கள் தொழில் வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். மெஷினின் குழாயைச் சைலன்சருக்குள் ஒரு சாண் விட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால் உள்ளதை உள்ளபடி காட்டும். சைலன்சர் வாயோரம் சும்மா பிடித்தால் வெளிக்காற்றும் கலந்து எந்த ஓட்டை வண்டியும் பாஸாகிவிடும். இதற்குப் பெயர் மோந்து பார்ப்பது. "அண்ணா, மோந்து பாத்து வுட்டுடுண்ணா" என்பார்கள், நானும் விட்டுவிடுவேன். கறாராக நின்றால் வண்டி அடுத்த கடைக்குப் போகும். இந்த வேனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படித்தான் மோந்து பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று குழாயை உள்ளே விட்டேன். ஒரு சாணுக்கும் மேலேயே விட்டேன். துலுக்காணத்தை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். கரேலென்று ஒரு புகை கிளம்பி, பங்க் வாசலில் பூக்கட்டும் அங்காளம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டிய புகை அளவு தொண்ணூற்றொன்று காட்டியது.

"இன்னாண்ணா, மோந்து பாக்கலியா?" என்றான் துலுக்காணம், ஒன்றும் புரியாமல்.

சட்டம் சட்டம்தான் என்று சொல்லிச் சீட்டை நீட்டினேன். பதினோரு வருஷத்தில் நான் அடித்த முதல் ஃபெயில் சீட்டு அது. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது போல் இருந்தது.

சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு மாடம்பாக்கம் போனேன். மாமனார் கேட்காமலேயே விஷயத்தை எடுத்தேன். சொந்தம் என்று பார்த்தால் தொழில் செய்ய முடியாது என்றேன். சொகுசாகப் போக அவனுக்குப் புகையில்லாத கார், ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஓட்டை வேனா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நம்ம ஹர்ஷாவே அந்த வேன்லதான மாமா போவுது. கடைசி சீட்டு வேற. அதான் கொழந்தைக்கு அடிக்கடி மூச்சு இளைக்குது."

ஹர்ஷா வினிதாவின் மகள், இரண்டாம் வகுப்பு. தாத்தாவுக்கு அவள் என்றால் உயிர். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் நேர்மையான ஆள் மாப்பிள்ளை, கோயிலுக்கு நான் உங்கள் வண்டியிலேயே வருகிறேன் என்றார். திரும்பி வரும்போது சேலையூர் நெரிசலில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன், ஒரு ஹாரன் சத்தம்கூட எரிச்சல் மூட்டவில்லை.

வெற்றிவேல் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். அவன் மறுநாளே வேனை ஒர்க்‌ஷாப்பில் விட்டு எஞ்சினைப் பிரித்துவிட்டான். போன் செய்து, நல்ல வேளை நீங்க சொன்னீங்கண்ணா என்றான். அந்த நல்ல புத்தியும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. என் கார் முன்னால். முன் சீட்டில் மாமனார், பின் சீட்டில் புஷ்பலதா. பானையும் விறகும் ஏற்றிய வேனைத் துலுக்காணம் முன்பே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடியில் வெற்றிவேலின் கார் பச்சை நம்பர் பிளேட்டோடு எனக்குப் பின்னால், ஒழுங்காக, அடக்கமாக வந்துகொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன்.

படப்பை தாண்டியதும் ஒரகடத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மொய்த்துக்கொண்டன. ஊர்ந்துதான் போக முடிந்தது. மாமனார் சட்டைப் பையிலிருந்து வேனின் புகை டெஸ்ட் சீட்டுகள் இரண்டை எடுத்து மடியில் வைத்து நீவினார்.

"காத்தால விறகு ஏத்தசொல்ல துலுக்காணத்தாண்ட பேசிகினு இருந்தேன் மாப்ள. இத்தினி வருசமா நீங்க மோந்து பாத்துதான் வுடுவீங்களாம். இந்த வாட்டிதான் உள்ள வுட்டுப் பாத்தீங்களாம். மோந்து பாக்குறதுன்னா இன்னா?"

தொழிலில் ஆயிரம் இருக்கும் மாமா என்று தொடங்கி ஏதேதோ சொன்னேன். வெயில் நேரம், மெஷின் சூடு, டீசலில் கலப்படம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தை மாசச் சீட்டுல பொகை இருவத்தெட்டு. இப்ப தொண்ணூத்தொண்ணு. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் கீது."

நான் கியர் மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

"எல்.கே.ஜி.லேர்ந்து ஹர்ஷா அந்த வண்டியிலதான் போவுது. அது உங்களுக்கு மின்னாடியே தெரியும்ல?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை, மரியாதையும் குறையவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். முன்னால் போன லாரி ஒன்று புகையைக் கக்கியது. அவருக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்தி இருமி முடித்துவிட்டு, வண்டியை நிறுத்தச் சொன்னார்.

ஓரம் கட்டினேன். அவர் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். பின்னால் வந்த கார் சத்தமில்லாமல் நின்றது. வினிதா இறங்கிப் பின்னால் போய் உட்கார, மாமனார் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என்னைத் தாண்டும்போது வெற்றிவேல் கண்ணாடியை இறக்கி, மெதுவா வாங்கண்ணா என்று கையைக் காட்டினான். பின் சீட்டில் ஹர்ஷா ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

நான் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். என் கண் முன் சீட்டுக்குத்தான் போனது. அவனுக்குப் பக்கத்தில் மாமனார் எவ்வளவு சாய்ந்து, எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பார்த்தேன். அந்த நிலையிலும் எனக்கு எரிந்தது.

முன்னால் வந்து உட்கார் என்று புஷ்பலதாவிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். மாமனார் விட்டுப்போன இரண்டு சீட்டுகளையும் அவள் எட்டி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் எறங்கியிருக்கணும்" என்றாள்.