கல்லீரல் நெருப்பு

எங்கள் சீனப் பாரம்பரிய வைத்திய மருத்துவமனையில் நர்ஸுகளுக்கு எந்த வார்டு என்பதை நாக்குதான் முடிவு செய்யும். இயக்குநர் டாக்டர் பாங் எங்களை வரிசையில் நிறுத்தி, நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பார்ப்பார். உடம்பில் ஈரம் மிகுந்தவள் மந்தமாம், அவசரப் பிரிவுக்கு ஆகாதாம். எனக்குக் கல்லீரலில் நெருப்பு. சுருக்கமாகச் சொன்னால், மூக்குக்கு மேல் கோபம்.

“லிங், அடுத்த ரவுண்டுக்குள்ள நெருப்பு தணியலைன்னா, உன்னை மருந்துக் கிடங்குக்கு அனுப்பிருவேன்” என்றார் பாங். கிடங்கில் என்ன இருக்கிறது? காய்ந்த வேர், மரப்பட்டை, சில்வண்டு ஓடு. திட்டினால் திருப்பித் திட்ட ஆளில்லை. எனக்கு வார்டுதான் உயிர்.

நெருப்பைத் தணிக்கச் செவ்வந்திப்பூ டீயைக் குடித்துக் குடித்து வயிறே குளமானது. பிறகு ஓயாங் தாத்தாவின் கட்டிலுக்குப் போனேன். முழங்காலில் வாதம், மற்றபடி கல்லு மாதிரி மனுஷர். வழக்கமாக அவர் கஷாயத்தைத் துப்புவார், நான் கத்துவேன், அவரும் பதிலுக்குக் கத்திவிட்டுக் குடிப்பார். அன்று, “மெதுவா குடிங்க தாத்தா, அவசரமே இல்ல” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “உண்மையைச் சொல்லு பிள்ள. எனக்கு நாள் குறிச்சிட்டாங்களா?”

“ஐயோ, நல்லாத்தான் இருக்கீங்க தாத்தா.” இதையும் தேனொழுகச் சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். தூரத்து ஷென்ஜென் நகரத்தில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு அழுதார். தன் மைனாவைக் கூண்டோடு பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தார். கஞ்சியைத் தொடவே இல்லை. மறுநாள் ரவுண்டில் பாங் நாடி பிடித்தபோது, அது நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கிடங்காவது மண்ணாவது.

“யோவ் கிழவா! சாகுற மூஞ்சியா இது? முட்டி வலிக்கு எவன்யா செத்தான்? வாயைத் திற!”

“கத்துறதைப் பாரு, பிசாசு!” என்று துள்ளி எழுந்தவர், கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டுக் கஞ்சி கேட்டார். பாங் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைலேருந்து கிடங்கு.”

அந்த நேரம் பார்த்து, கையில் பெட்டியோடு மகன் வாசலில் வந்து நின்றார். புத்தாண்டுக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். தாத்தா சட்டென்று படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்கு அடியில் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அவன் இருக்கிற வரைக்கும் மெதுவா பேசும்மா.”

கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“வாங்கண்ணா, அப்பா பக்கத்துல உக்காருங்க” என்றேன், தாத்தாவைப் பயமுறுத்திய அதே தேனொழுகும் குரலில். அதைக் கேட்டதும் அந்த மனிதர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.