குத்தாலிங்கம் உட்கார்ந்த கதை

தென்காசியில் குத்தாலிங்கத்தின் சிலையை நிறுத்திய அன்றிலிருந்து குத்தாலிங்கத்தால் உட்கார முடியவில்லை. அது 1932ஆம் வருஷம் தை மாசம். மாலை மரியாதை எல்லாம் முடிந்து ஊரே பந்தியில் உட்கார்ந்தபோது, நடக்கையில் ஒழுங்காக மடங்கிய அவன் முழங்கால் உட்காரப் போனால் மட்டும் மடங்க மறுத்தது. நின்றுகொண்டே பாயசம் குடித்தான். வெட்கப்படுகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சிலை சும்மா வைக்கவில்லை. முந்தின வருஷம் சுரண்டைக்காரர்களோடு நடந்த சடுகுடுவில் தென்காசிப் பக்கம் மிச்சமிருந்தது அவன் ஒருத்தன்தான். காலையில் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனான். ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தபோது அதே மூச்சில் பாடிக்கொண்டிருந்தான். பொழுது சாய ஏழாவது ஆளையும் தொட்டான். அந்த ஏழாவது ஆளான வீரபாகு அவன் கணுக்காலைக் கட்டிப்பிடித்துத் தொங்க, அவனையும் தரையோடு இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டின பிறகுதான் குத்தாலிங்கம் அடுத்த மூச்சை இழுத்தான். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த செல்லச்சாமிக்கு அன்றைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கல்லிலே சிலை வைப்பேன் என்றார், வைத்துவிட்டார்.

சிலைக்கு வெயில் அடித்தால் குத்தாலிங்கத்துக்கு முதுகு கொப்பளித்தது. காக்காய் உட்கார்ந்தால் தலை கனத்தது. ராத்திரி வேட்டியால் தன்னைத் தூணோடு கட்டிக்கொண்டு தூங்கினான். கால் இரண்டும் வீங்கின. கல் செதுக்கின உச்சிமாகாளி ஆசாரியிடம் போய்க் கேட்டதற்கு அவர் தலையைச் சொறிந்தார். "இதுவரைக்கும் சாமியத் தவிர நான் ஒண்ணும் செஞ்சதில்ல தம்பி. கைப்பழக்கத்துல கண்ணத் தொறந்துட்டேன். தொறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. பீடத்த விட்டு எறக்கி ஓடுத தண்ணியில போட்டா உண்டு."

செல்லச்சாமி சம்மதிக்கவில்லை. "ஊருக்கே சிலையா நிக்கவன் உக்காரலாமாலே?" என்று கேட்டார். ஊரும் அதையே கேட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் சிலையைக் காட்டினார்கள், அப்புறம் அவனைக் காட்டினார்கள்.

இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். 1934இல் மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு மடியைத் தேடுவாள். நிற்கிறவனுக்கு ஏது மடி? தூக்கி வைத்துக்கொண்டால் போதவில்லை அவளுக்கு, திமிறி இறங்கி மறுபடியும் தேடி அழுவாள். அவன் மனைவி தங்கத்தாய் அழ மாட்டாள், பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். ஒருநாள் பானையே உடைந்தது. மறுநாள் குத்தாலிங்கம் பஜாரில் நின்று உரக்கச் சொன்னான்: "அன்னைக்கு நான் நடுவுல ஒரு மூச்சு இழுத்தேன். செயிச்சது சுரண்டைதான்."

ஊர் இரண்டுபட்டது. ஒரு மாசம் வேறு பேச்சே இல்லை. கடைசியில், காலைப் பிடித்துத் தொங்கினவனுக்குத்தான் மூச்சு கேட்டிருக்கும் என்று வீரபாகுவை வரவழைத்தார்கள். குத்தாலிங்கம் மூச்சே இழுக்கவில்லை என்று வீரபாகுவுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குக் கணுக்காலில் தொங்கியபடி அந்த மூச்சுக்காகக் காத்திருந்து தோற்றவன் அவன்தான். சுரண்டையில் அவனை 'இழுபட்டான்' என்றே கூப்பிட்டார்கள். இருந்தும் பொய்யில் வருகிற வெற்றி அவனுக்கு வேண்டாம். உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தான்.

கற்பூரத்தை ஏற்றினார்கள். குனிந்த வீரபாகுவின் கண்ணில் குத்தாலிங்கத்தின் கால் பட்டது. தான் கட்டிப்பிடித்துத் தொங்கின அதே கால், இப்போது பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை மடி தேடி அழுதுகொண்டிருந்தது. வீரபாகு கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "இழுத்தான். எங் காதுல கேட்டுது" என்றான். பொய்ச் சத்தியம் கையைச் சுட்டுவிடும் என்று பயந்திருந்தானாம். ஆனால் கற்பூரம் அருவித் தண்ணியாய்க் குளிர்ந்திருந்தது என்று பின்னால் சொன்னான்.

ஜனங்கள் சாணியை வாரிச் சிலைமேல் அடித்தார்கள். அவ்வளவும் குத்தாலிங்கத்தின் மேல் வழிந்தது. தங்கத்தாயைப் போல இவ்வளவு சந்தோஷமாகச் சாணி கழுவின பெண்பிள்ளையைத் தென்காசி அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. 1935 ஆனி மாசம் சிலையை இறக்கி, வைக்கோல் பரப்பின வண்டியில் சாய்த்தபோது, வீட்டு வாசலில் நின்றிருந்த குத்தாலிங்கமும் மெல்லச் சாய்ந்தான். சாய்ந்தவன் மூன்று நாள் தூங்கினான். ஊர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு வண்டியோடு குற்றாலம் போய், அருவித் தண்ணீர் வந்து விழும் ஒரு பள்ளத்தில் சிலையைத் தள்ளிவிட்டு, தலைமுழுகித் திரும்பியது. செல்லச்சாமி மட்டும் அப்புறம் கொஞ்ச காலம் பஜாரில் தலையைக் குனிந்தே நடந்தார், பாவம்.

நாலாம் நாள் குத்தாலிங்கம் எழுந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டாள்.

ஆசாரியின் கைவேலை முழுசாகப் போகவில்லை. சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும், தென்காசியில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த குத்தாலிங்கத்தின் தலையிலும் கொட்டியது. கூரை காய்ந்துதான் இருந்தது. தங்கத்தாய் அரிசிப் பெட்டியை மறு அறைக்கு மாற்றி, தண்ணீர் போக ஒரு மடை வெட்டினாள்.

வீரபாகு வருஷா வருஷம் ஆடி மாசம் சுரண்டையிலிருந்து வருவான். குற்றாலத்துக்குப் போக மாட்டான், நேரே இங்கேதான் வருவான். அவன் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் தங்கத்தாய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டிவிட்டுப் புருஷனிடம் சொல்வாள்: "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அண்ணாச்சி மேலயும் விழட்டும்." குத்தாலிங்கம் மகளை மடியோடு அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தள்ளி இடம் விடுவான்.